சிவப்பு முக்கோணம்

எங்கள் பக்கத்தில் பூச்சி மருந்தை மூக்கால்தான் எடை போடுவோம். மூடியைத் திறந்ததும் தலை கிறுகிறுத்தால் நல்ல மருந்து. அடித்த கொல்லையைத் தாண்டிப் போகிறவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டால் அதைவிட நல்ல மருந்து. மூக்குக்கு அடுத்தது கண். பாட்டிலின் மேல் ஒரு சதுரத்தைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். அதன் கீழ்ப் பாதி முக்கோணமாக ஒரு நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் வீரியம் ஜாஸ்தி, மஞ்சள் என்றால் கொஞ்சம் கம்மி, பச்சை என்றால் வெறும் தண்ணி. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பக்கத்துக் கொல்லைக்காரருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

நான் ஐந்தாவது வரை படித்தேன். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். ஆனால் மருந்து டப்பாவோடு மடித்து வைத்துத் தருகிற காகிதத்தை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் இது என்ன செய்யும் என்று கேட்டதுமில்லை. எனக்கு ஆள் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

கச்சிராயபாளையம் போகிற வழியில், மலை நெருங்கித் தெரிகிற இடத்தில் எங்களுக்கு ஒன்றரைக் காணி மானாவாரிக் கொல்லை, மழையை நம்பிய இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். முன்பு பருத்தி போட்டோம், இப்போது மக்காச்சோளம். போன வருசம் அந்த மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்று தீர்த்தது. தலையில் கவட்டை போல ஒரு வெள்ளைக் கோடு, வால் பக்கம் நாலு புள்ளி. பகலெல்லாம் குருத்துக்குள் புகுந்துகொண்டு, தன் எச்சத்தையே மரத்தூள் மாதிரி மேலே அடைத்துவிட்டு உள்ளே தின்றுகொண்டிருக்கும். மூன்று முறை மருந்தடித்தும் நிற்கவில்லை. கடைசியில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்தோம்.

பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் வைத்து நடத்துகிற என் சகலை அப்போதிருந்தே போன் போட ஆரம்பித்துவிட்டான். என் மனைவியின் தங்கை புருசன். ஞாயிற்றுக்கிழமை தவறாது.

"இன்னா சகலை, புழுவை மேய்ச்சுக்கினு கீறியா? ரெண்டு பேரும் கெளம்பி வாங்க. உன் வூட்டுக்காரம்மா சமையல் பண்ணட்டும், நீ கம்பி தூக்கு. ஷெட்டு நான் போட்டுத் தரேன்."

மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. எங்களைப் பிடித்து வைக்க அந்தக் கொல்லையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் பாஷை தெரியாத ஊரில், தினமும் புது முகங்களுக்கு நடுவில் நிற்பதை நினைத்தாலே எனக்கு ஊர் எல்லையைத் தாண்ட மனம் வராது. "இந்த ஒரு வருசம் பாப்போம். இதுவும் போச்சுன்னா வரோம்," என்று என் மனைவிதான் அவனிடம் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு ஆவணியில் விதைத்த சோளம் இது.

விதைத்த இருபத்தைந்தாம் நாள் இலையில் சன்னல் விழுந்திருந்தது. பச்சையை மட்டும் சுரண்டித் தின்றால், மீதித் தோல் கண்ணாடி மாதிரி வெளுத்துத் தெரியும். அதைத்தான் சன்னல் என்போம். நான் ஒரு குருத்தைப் பிடுங்கிப் பிரித்தேன். உள்ளே ஒன்று சுருண்டது. அடுத்ததைப் பிரித்தேன். அதிலும் இருந்தது. பத்தாவது செடியோடு பிரிப்பதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு புழுவை இலையோடு பாலிதீன் கவரில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். எங்கள் ஊரில் மருந்து வாங்கப் போகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் போவோம். கவரை மேசை மேல் வைத்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. மருந்துக் கடை பாய் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சின்னதாக ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"காலையில வெயில் ஏறதுக்கு முன்ன, குருத்துக்குள்ள எறங்கற மாதிரி அடிங்க. அடிச்சிட்டு மூணு நாளு கையைக் கட்டிக்கினு குந்துங்க. வேற ஒண்ணும் பண்ணக்கூடாது. புரியுதா?"

தலையாட்டினேன். பாட்டிலைப் பார்த்தேன். பச்சை முக்கோணம். மூடியை லேசாகத் திருகி முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. 'இதுவா பாய்?' என்று கேட்க வாய் வந்தது. பின்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவருடைய கவரை வைத்துவிட்டார். நான் நகர்ந்துவிட்டேன். எதற்கு மூன்று நாள் என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலை எனக்கு இருந்திருக்காது.

மறுநாள் விடியலில் கொல்லை முழுக்க அடித்தேன். அதற்கு அடுத்த நாள் காலை குருத்தைப் பிரித்துப் பார்த்தேன். புழு அப்படியே இருந்தது. தொட்டால் லேசாக நெளிந்தது. வேறு செடி பார்த்தேன். அதிலும் உயிரோடு இருந்தது. பாய் சொன்ன மூன்று நாள் நினைவில்தான் இருந்தது. ஆனால் போன வருசமும் இப்படித்தான் பொறுத்துப் பொறுத்து ஒரு கொல்லையைத் தின்னக் கொடுத்தேன்.

பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் வந்து நின்றார். என்னைவிட மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாபா, நேத்து மருந்தடிச்சியா? எனக்கு ஒரு வாடையும் வரலியே?"

பாட்டிலைக் காட்டினேன்.

"அடப் பாவி, பச்சையா? புழுவுக்குச் சட்டினி ஊத்திட்டு வந்துகீற. இன்னைக்கு இன்னும் நல்லா தின்னும் பாரு." சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் அவருடைய வேலையைப் பார்க்கப் போனார். எனக்குத்தான் கால் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றேன். "இதுவும் போச்சு புள்ள. இது போனா நான் இருந்து இன்னா," என்று சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

மாட்டுக் கொட்டகைக் கூரையில் ஒரு பாட்டில் செருகியிருந்தது. பருத்தி போட்ட காலத்தில் அடித்தது போக மிச்சம். எல்லார் வீட்டுக் கூரையிலும் அப்படி ஒன்று செருகியிருக்கும். மருந்தை யாரும் கீழே கொட்டமாட்டோம். காகிதம் பழுத்துப் போயிருந்தாலும் சிவப்பு முக்கோணம் தெரிந்தது. மூடியைத் திறந்தேன். கொட்டகையே நாறியது. அந்த நாற்றம் வந்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

அளவு பார்க்கவில்லை. ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் மூன்று மூடி ஊற்றினேன். உச்சி வெயில். சட்டையைக் கழற்றிவிட்டு மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் மாட்டினேன். மூடி ஓரம் கசிந்து முதுகு நனைந்தது. வெயிலுக்குச் சில்லென்று சுகமாகக்கூட இருந்தது. காற்று மலைப் பக்கத்திலிருந்து என் முகத்துக்கு நேராக அடித்தது. கொல்லையில் பாதி முடிந்திருக்கும்போது, மருந்து தெளிக்கிற முனை, நாசில் என்போமே, அது அடைத்துக்கொண்டது. கழற்றி, வேலியிலிருந்து ஒரு வேல முள்ளைப் பறித்துக் குத்தினேன். முள் உள்ளேயே ஒடிந்து நின்றது, தூசி வெளியே வரவில்லை. வாயில் வைத்து ஊதினேன்.

எல்லோரும் ஊதுவோம். சைக்கிள் வால்வை ஊதுகிற மாதிரி.

உதடு மரத்தது. துப்பினேன். துப்பத் துப்ப எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. கண்ணுக்கு முன்னால் வெயில் மங்கியது. என் கை, நான் ஆட்டாமலே, சதைக்குள் புழு ஊர்கிற மாதிரி தானாகத் துள்ளியது. டேங்க்கோடு சோளத்துக்குள் சாய்ந்தேன். சாய்கிறபோது ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன். இன்னும் பாதிக் கொல்லை பாக்கி இருக்கிறதே.

என்னைப் பார்த்தது அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரர்தான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும் நர்ஸம்மா என் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வாயில மருந்து வாடை வருது. எவ்வளவு குடிச்சீங்க?"

"குடிக்கலைம்மா."

"வீட்ல சண்டையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். மண்வெட்டி பிடித்த மண் கையோடு அவள் அப்போதுதான் ஓடி வந்திருந்தாள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. நான் காலையில் சொன்னது அவள் காதில் இருந்தது.

எந்த மருந்து என்று டாக்டர் கேட்டதால், கொல்லையில் கிடந்த இரண்டு பாட்டிலையும் கொண்டு வந்து கொடுத்திருந்தார்கள். ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். எச்சில் நின்று, நாக்கு காய்ந்த தோலாக ஒட்டிக்கொண்டது. ஊசியின் வேகத்தில் இரண்டு நாள் எனக்குப் புத்தி சரியில்லை. பெட்ஷீட்டில் புழு ஊர்கிறதென்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டேனாம். "குருத்தப் பிரி, குருத்தப் பிரி" என்று அவளை அதட்டினேனாம். வாழ்க்கையில் நான் அதட்டியது அந்த இரண்டு நாள்தான்.

புத்தி தெளிந்த அன்று டாக்டர் கட்டில் அருகில் வந்தார். சின்ன வயசு. சிவப்புப் பாட்டிலைக் கையில் வைத்திருந்தார்.

"இதை ஏன் அடிச்சீங்க?"

"வீரியம் ஜாஸ்திங்களே. செவப்பு..."

"சிவப்பு உங்களுக்குப் போட்டதுங்க, புழுவுக்குப் போட்டதில்ல. மனுசனை எவ்வளவு சீக்கிரம் கொல்லும்னுதான் அந்த நிறம் சொல்லுது. பூச்சியை எப்படிக் கொல்லும்னு அதுல ஒண்ணுமே இல்ல."

பிறகு பொறுமையாகச் சொன்னார். நரம்பு சதைக்கு ஒரு சேதி அனுப்பும். சதை அசைந்ததும் அந்தச் சேதியை அழித்துவிட உடம்பில் ஒரு பொருள் இருக்கிறது. இந்த மருந்து அந்தப் பொருளைக் கட்டிப் போட்டுவிடும். சேதி அழியாமல் போய்க்கொண்டே இருக்கும், சதை நிற்காமல் துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். "புழுவுக்கும் அதே நரம்பு, அதே சேதி. உங்களுக்கும் அதேதான். மருந்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது." போகும்போது, "வேற ஏதாவது மனசுல இருந்தா சொல்லுங்க," என்றார். அவரும் நான் குடித்தேன் என்றுதான் நினைத்தார். நாசிலை ஊதியதைச் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "நெசமா குடிக்கலையே?"

"நாசில் அடைச்சுக்கிச்சு. ஊதினேன்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "ஊருல எல்லாம் ஒரு மாதிரி பேசிக்கினு கீறாங்க. உன் சகலையும் போன் பண்ணுச்சு. 'எதுக்கு இப்பிடி அவசரப்பட்டான், வர வேண்டியதுதான'ன்னு கேக்குது." அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. கொல்லை போனதும் இல்லாமல், கொல்லைக்காக உயிரை விடப் பார்த்தவன் என்ற பேரும் வந்துவிட்டது. இனி இந்த ஊரில் நான் யார் முகத்தைப் பார்த்து நடப்பேன்? பெங்களூரே தேவலை என்று முதல்முறையாகத் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் அவள் வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது. மடியிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். கடையில் வைப்பது போலவே. உள்ளே, ஒடிந்த முள்ளோடு நாசில் இருந்தது.

"நீ வுழுந்த எடத்துல கெடந்துச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் அழவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கவரில் இன்னொன்றும் இருந்தது. ஒரு பிடி குருத்து. பிரித்துக் காட்டினாள். புழு பாதியாகச் சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது.

"செவப்பு அடிச்ச பாதியா?"

"இல்லய்யா. நீ அடிக்காம வுட்டியே, அந்தப் பாதி. வெறும் பச்சை மட்டும் அடிச்சது. ஒண்ணு கூட உசுரோட இல்ல. புதுக் குருத்து வந்துகீது."

கொல்லையிலிருந்து பாட்டிலோடு கொண்டு வந்திருந்த பச்சை மருந்துக் காகிதம் கட்டில் பக்கத்துச் சன்னலில் இருந்தது. முதல்முறையாக அதைப் பிரித்தேன். பல பாஷைகளுக்கு நடுவில், எறும்பு எழுத்தில் தமிழ் இருந்தது. வார்டு வாசல் வெளிச்சத்தில் வைத்து எழுத்துக் கூட்டினேன். மருந்து பட்ட இலையைத் தின்றதும் புழுவின் தசை இறுகிப் போகும், வாயை அசைக்க முடியாது, தின்பது அப்போதே நின்றுவிடும், சாவது மட்டும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். நான் பிரித்துப் பார்த்த அன்று அந்தப் புழு உயிரோடுதான் இருந்தது. ஆனால் தின்னவில்லை. பட்டினியாக உட்கார்ந்திருந்தது. அது தின்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சாகவில்லை என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது இனி மருந்து டேங்க்கைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். பச்சை மட்டும் அடித்த பாதி நிமிர்ந்து நின்றது. சிவப்பு அடித்த பாதியில் இலை நுனியெல்லாம் தீய்ந்திருந்தது. கீழே பொறிவண்டு, சிலந்தி, தேனீ, எறும்பு எல்லாம் செத்துக் கிடந்தன. புழுவின் முட்டையைத் தின்ன ஒரு ஜீவன் அங்கே மிச்சமில்லை. ஒரு வாரத்தில் அந்தப் பாதியில் மட்டும் மறுபடியும் சன்னல் விழுந்தது.

சகலை போன் செய்தான். "பாதிச் சோளத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? மரியாதையா கெளம்பி வா சகலை. உனக்கு இன்னாவது ஆச்சுன்னா அவங்க கதி?" அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு பாதி எங்களைக் காப்பாற்றாது, இரண்டும் வேண்டும். என் கை அப்போதும் தம்ளர் பிடித்தால் நடுங்கியது. என்னாலோ டேங்க்கைத் தூக்க முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுபடியும் கவரோடு கடைக்குப் போனேன். மேசை மேல் வைத்தேன். பாய் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"பாய்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் "பாய்" என்றேன். "இது புழுவை இன்னா பண்ணும்?"

பாய் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நடந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"குந்துங்க. மேல பட்டா சாவுறது ஒரு தினுசு. உங்க புழு உள்ள கதவை சாத்திக்கினு கீது, அது மேல எங்க படும்? செடி உறிஞ்சிக்கினு, அந்தச் சாறைக் குடிக்கிற அசுவினியக் கொல்றது ஒரு தினுசு. தின்னாத்தான் சாவுறது ஒரு தினுசு, போன தபா குடுத்தது அது. அதையே திருப்பித் திருப்பிக் குடுத்தா புழு பழகிக்கும். இப்ப குடுக்கறது சின்னப் புழுவுக்கு. அது வளரணும்னா தோலு உரிக்கணும் இல்ல? இது உரிக்க வுடாது. பழைய தோலுக்குள்ளயே மாட்டிக்கினு செத்துடும். நாலஞ்சு நாளு ஆவும். இந்தத் தபாவாவது பொறுப்பீங்களா?"

பின்னால் ஒருவர், "பாய், எனக்கும் இப்பிடிச் சொல்லித்தான் குடேன், இத்தினி வருசம் சும்மாத்தான குடுத்த?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து அல்ல.

மறுநாள் விடியலில் என் மனைவி முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு டேங்க்கை மாட்டினாள். நான் வரப்பில், காற்று வருகிற பக்கம் நின்றேன். காகிதத்தைப் படித்துச் சொல்வதைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை. இடுப்பளவுச் சோளத்துக்குள் அவள் இறங்கிப் போனாள். எனக்கு வந்த ஒவ்வொன்றும் அவளுக்கு வருவதாக மனசு ஓட்டிக்கொண்டே இருந்தது. உதடு மரக்கிறது, எச்சில் ஊறுகிறது, கை துள்ளுகிறது.

பாதி வழியில் நின்றாள். நாசிலைக் கழற்றினாள். முகத் துணியைக் கீழே இழுத்துவிட்டு, அதை முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

கத்தினேன். என்ன வார்த்தை என்று தெரியாது. வார்த்தையே இல்லை என்று நினைக்கிறேன். பக்கத்துக் கொல்லையிலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார்.

"யோவ்!" என்றாள் அவள். "ஓட்டையில இன்னா அடைச்சுகீதுன்னு பாத்தேன்யா. ஊரே திரும்பிப் பாக்குது." சட்டைப் பையிலிருந்து பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷை எடுத்து என் பக்கம் ஆட்டிக் காட்டினாள். தண்ணீரில் நாசிலை அலசி, தேய்த்து மாட்டிக்கொண்டு, துணியை மேலே இழுத்துவிட்டு நடந்தாள். நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாலு நாளைப் போல நீளமான நாள் எனக்கு வந்ததில்லை. குருத்தைப் பிரிக்கக் கை துறுதுறுத்தது. மாட்டுக் கொட்டகைக் கூரையை ஒரு நூறு தடவை பார்த்திருப்பேன், அங்கே இப்போது ஒன்றும் செருகியில்லை என்று தெரிந்தும். ஐந்தாம் நாள் இருவரும் போனோம். அவள்தான் பிரித்தாள். ஒரு சின்னப் புழு, பழைய தோல் பாதி பிளந்து, அதிலிருந்து வெளியே வர முடியாமல் செத்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. பத்தாவது செடியிலும் நாங்கள் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எப்போதும் எடுக்கிறவள் அன்று எடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"இன்னா முடிவு சகலை?"

"வரலை."

"இன்னாது? மெதுவா பேசாத, இங்க மிஷின் ஓடிக்கினு கீது."

"இந்த வருசம் வரலை," என்று சத்தமாகச் சொன்னேன். போனைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.